நாற்பத்தெட்டு கே-யில் மண்டகப்படி

தல்லாகுளத்தில் விருமாண்டியின் கம்ப்யூட்டர் சென்டருக்குள் போக வேண்டுமென்றால் செருப்பை வாசலில் கழற்றிவிட வேண்டும். உள்ளே இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். லண்டனிலிருந்து லீவில் வந்த யாரோ பெட்டியில் சேலைகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்து விற்றுவிட்டுப் போனது. ரப்பர் பொத்தான் வைத்த சின்னக் கறுப்புப் பலகை, அவ்வளவுதான். பின்னால் ஒரு டிவியையும் பக்கத்தில் ஒரு டேப்ரெக்கார்டரையும் மாட்டினால்தான் அதற்கு உயிர் வரும். அதற்கு ஏ.சி. உண்டு, வெல்வெட் உறை உண்டு, ஆயுத பூஜையில் வைத்த சந்தனப் பொட்டு உண்டு. அதற்கு வாத்தியாராக ஒருத்தி உண்டு. அவள் பெயர் ஜானு. அவளுக்குத்தான் ஏ.சி. கிடையாது, பிள்ளைகள் இல்லாத நேரத்தில் கரண்டு வீண் என்று விருமாண்டி அணைத்துவிடுவார்.

விருமாண்டியைக் குறை சொல்வதற்கில்லை. உசிலம்பட்டிப் பக்கம் வயலில் பாடுபட்ட சம்சாரி வீட்டுப் பிள்ளை. முதலில் மோட்டாருக்குக் காயில் கட்டினார். பிறகு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்தார். எண்பத்தேழில் நாட்டில் எல்லோரும் கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர் என்று பேச ஆரம்பித்ததும், ஒரு பெயிண்டரைக் கூப்பிட்டு போர்டில் 'டைப்ரைட்டிங்' என்ற வார்த்தையை மட்டும் அழிக்கச் சொல்லி மேலே புதுசை எழுத வைத்தார். அவர் கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. மோட்டார் காலத்தில் வாங்கிய ஷாக்குகள் அவருக்கு ஞாபகம் இருந்தன.

ஜானு கணக்கில் பி.எஸ்சி. விளாங்குடியிலிருந்து தினம் பஸ்ஸில் வந்து போனாள். அப்பா ஹாலாஸ்யம் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ரிடையர் ஆனவர், நல்ல மனிதர், பயந்த சுபாவம். மகளுக்கு என்ன வேலை என்று யார் கேட்டாலும், "டைப்பிஸ்ட்" என்பார். "அப்பா, நான் புரோகிராம் எழுதறேன்" என்று ஜானு பலமுறை திருத்திப் பார்த்தாள். "அதான், டைப் அடிக்கறே. மேல ஒரு டிவி இருக்கு, அவ்ளோதானே" என்று அவர் பேப்பரைப் புரட்டுவார். இதற்கு மேல் விளக்க வேண்டுமானால் கம்ப்யூட்டரை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

பங்குனி முடிகிற நேரத்தில் விருமாண்டி ஒரு செய்தியோடு வந்தார். தமுக்கம் மைதானத்தில் சித்திரைப் பொருட்காட்சிக்கு ஸ்டால் எடுத்தாகிவிட்டது. எதிர்சேவை அன்று, மதுரைக்கு வருகிற அழகரை ஊரே எதிர்கொண்டு கும்பிடுகிற நாளில், சாயங்காலம் திறப்பு. ஸ்டாலில் கூட்டம் சேர வேண்டும்.

"ஏம்மா ஜானு, வீடியோ கேம்னு ஒண்ணு சொல்றாய்ங்களே, அது ஒண்ணு பண்ணிரு."

"எவ்ளோ நாள் சார் இருக்கு?"

"கெடக்கு, மூணு வாரம். ஒரு திருவிழாப் பந்தலையே மூணு நாள்ல போட்டு முடிச்சிர்றோம். இது டிவிக்குள்ள தானம்மா?"

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் அந்த நேரம் பார்த்து ஒரு ஆசை வந்துவிட்டது. அவள் பெயர் இதுவரை எதிலும் வந்ததில்லை. பி.எஸ்சி. ரிசல்ட் பேப்பரில் வந்தபோதும் நம்பர்தான் வந்தது. அடுத்து அச்சில் வரப்போவது கல்யாணப் பத்திரிகையில். அங்கேயும் முன்னால் அப்பா, பின்னால் மாப்பிள்ளை, நடுவில் ஒண்டுக் குடித்தனமாக அவள். தான் செய்த ஒரு காரியத்தின் தலையில் தன் பெயர் இருக்க வேண்டும், அதை அப்பா கண்ணால் பார்க்க வேண்டும் என்று பட்டது.

"பண்றேன் சார். ஆனா மொதல்ல என் பேர் வரணும்."

"இதென்னம்மா பெரிய விசயம்! ஒம் பேருதான் மொதல்ல வரும். நான் ஆச்சு."

விருமாண்டி எதற்கும் 'நான் ஆச்சு' என்றுதான் சொல்வார். அவள் அதை அன்று யோசிக்கவில்லை.

சித்திரைக்கு மதுரையில் என்ன கேம் போடுவது? அழகரைத்தான் போட வேண்டும். தல்லாகுளத்தில் குதிரை ஏறுகிறார், வைகையில் இறங்க வேண்டும். இடையில் கூட்டம். ஆடுகிறவர் பொத்தானை அமுக்கிக் குதிரையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திக் கூட்டத்துக்குள் வழி கண்டுபிடித்து ஆற்றில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பஸ்ஸில் வரும்போதே கட்டம் போட்ட தாளில் பென்சிலால் குதிரையை வரைந்துவிட்டாள். டிவியில் ஏற்றியதும் நாலு காலும் அசைந்தது. கூட்டம் தலை தலையாய் அலைந்தது. கடைசியில் நீலமாய் ஆறு. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு முழுப் பக்கம்: சுற்றிலும் மாக்கோலம், நடுவில் 'ஆக்கம்: ஜானு'. தமிழ் எழுத்து தெரியாத யந்திரம் அது. ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாக அவளே வரைந்தாள். 'ஜா'வுக்கு மட்டும் ஒரு நாள் போனது.

முதல் வாரக் கடைசியில் கேம் ஓடியது. நிஜமாகவே நன்றாக ஓடியது. அத்தோடு நிறுத்தி, பொட்டலம் கட்டி வைத்திருக்க வேண்டும். அவள் வெகுளி, முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

விருமாண்டி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து டிவி முன்னால் உட்கார்ந்தார். ஆடத் தெரியாமல் குதிரையைக் கூட்டத்தில் முட்டினார். 'மீதி உயிர்: 2' என்று வந்தது.

"என்னம்மா இது?"

"மூணு உயிர் சார். முட்டிண்டா ஒண்ணு போகும். மூணும் போச்சுன்னா தோத்துட்டோம்."

விருமாண்டிக்கு முகம் மாறிவிட்டது. "சாமிக்கு மூணு உசுரா? அதுல ஒண்ணு வேற போகுமா? ஏம்மா, நம்ம ஸ்டாலு அழகர் போற ரோட்டுல இருக்கு. அழகர் தோத்தாருன்னு போர்டு போட்டா நம்மள உசுரோட விடுவாய்ங்களா?"

உயிர்கள் போயின. தோல்வி போயிற்று. தோற்க முடியாத கேமில் மார்க் எதற்கு என்று அவள் கேட்டதற்கு, மார்க்கை எடுக்க வேண்டாம், 'புண்ணியம்' என்று பெயரை மாற்றிவிடு என்றார் விருமாண்டி. சரி, வேகமாகப் போனால் அதிகப் புண்ணியம் என்று வைக்கலாமா? அதுவும் கூடாதாம். அழகர் சீக்கிரம் வந்துவிட்டால் தங்கச்சி கல்யாணத்தைப் பார்த்துவிடுவார், அப்புறம் எதற்கு ஆற்றோடு திரும்ப வேண்டும், கதையே கெட்டுப் போகும். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் ஜானுவுக்கு எரிச்சலாக இருந்தது. செய்து முடிக்கும் வரைக்கும் யாருக்கும் எதையும் காட்டக் கூடாது என்பது அவள் கற்றுக்கொண்ட பாடம். ரொம்ப லேட்டாகக் கற்றுக்கொண்டாள்.

ஏனென்றால் அதற்குள் மண்டகப்படி ஆரம்பித்துவிட்டது.

அழகர் வருகிற வழி நெடுக மண்டபங்கள் உண்டு. ஒவ்வொரு மண்டபத்திலும் சாமி நின்று, மண்டபத்துக்காரர் செய்கிற மரியாதையை வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். அதற்குப் பெயர் மண்டகப்படி. மதுரையில் யாரையாவது நிறுத்தி வைத்து நாலு சாத்து சாத்தினாலும் அதற்கும் மண்டகப்படி என்றுதான் பெயர். ஜானுவுக்கு இரண்டு அர்த்தமும் ஒரே வாரத்தில் விளங்கியது.

ஸ்டாலுக்குக் கலர் டிவி கொடுக்க முத்துக்கருப்பன் என்கிற டிவி கடைக்காரர் சம்மதித்தார். பந்தியில் இலை போட்ட மாதிரி உடனே பதிலுக்கு ஒன்று கேட்டார்: கேமுக்குள் அவர் பெயரில் ஒரு மண்டபம், அழகர் அங்கே நிற்க வேண்டும். "கோயில்ல ட்யூப்லைட் குடுத்தாக்கூட உபயம்னு பேரு எழுதுறோம். முழு டிவி குடுக்குறேன்ல?" என்றார். நியாயம்தானே. ஜானு மண்டபம் கட்டினாள். மேலே 'உபயம்' என்று எழுதினாள்.

மறுநாள் சைக்கிள் கடைக்காரர் வந்தார். அவர் கொடுத்தது மேஜைவிசிறி. அதற்கடுத்த நாள் சாமியானாக்காரர். அப்புறம் வார்டில் செல்வாக்குள்ள ஒருவர். அவர் எதுவும் கொடுக்கவில்லை, ஆனால் அவர் மண்டபத்தில் அழகர் கொஞ்சம் அதிக நேரம் நிற்க வேண்டும் என்றார். இதைக் கேட்டு முத்துக்கருப்பன் தன் மண்டபத்துக்கு ஒரு கோபுரம் கேட்டார். விருமாண்டி யாரிடமும் இல்லை என்று சொல்லவில்லை. "நான் ஆச்சு" என்று வாசலில் சொல்லிவிட்டு, உள்ளே வந்து, "ஏம்மா, சின்ன மண்டபம்தான்" என்பார்.

"எடம் இல்ல சார். மெமரி மொத்தமே நாப்பத்தெட்டு கே-தான்."

"ஸ்டாண்டிங்ல போடும்மா."

கம்ப்யூட்டரில் ஸ்டாண்டிங் கிடையாது. டவுன் பஸ்ஸில் படிக்கட்டிலாவது தொங்கலாம். இதில் ஒரு எழுத்து கூடினாலும் யந்திரம் மொத்தமாக நின்று கையை விரித்துவிடும். ஒரு மண்டபம் உள்ளே வர வேண்டுமானால் ஏதோ ஒன்று வெளியே போக வேண்டும். முதலில் மேளச் சத்தம் போயிற்று. பிறகு கூட்டம் போயிற்று; சித்திரைத் திருவிழாவில் ஒரு ஜனம் இல்லை. அப்புறம் குதிரையின் காலசைவு போயிற்று. நாலு காலும் விறைத்தபடி குதிரை வழுக்கிக்கொண்டு போனது. கட்டம் போட்ட தாளில் அந்தக் காலை அசைய வைக்க எத்தனை நாள் மெனக்கெட்டாள்! அழித்த அன்று ஜானு மத்தியானம் சாப்பிடவில்லை.

ஆடுகிறவருக்கும் இப்போது வேலை இல்லை. பொத்தானை அமுக்கினால் அழகர் ஒரு மண்டபத்துக்குப் போவார், நிற்பார், பெயர் வரும். மறுபடி அமுக்கினால் அடுத்த மண்டபம். வேறு எங்காவது இதற்கு வீடியோ கேம் என்று பெயர் வைத்தால் சிரிப்பார்கள். மதுரையில் கமிட்டி வைத்துப் பாராட்டினார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் பெயர்களை அடித்து அடித்து விரல் நொந்துபோய், "சார், இன்னிக்கு நேரமாயிடுத்து, நான் ஆத்துக்குப் போகணும்" என்று எழுந்தாள்.

விருமாண்டி டிவியைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "மொதல்ல அழகர ஆத்துக்குப் போகச் சொல்லும்மா. நாளைக்கு இன்னும் ரெண்டு பேரு வாராய்ங்க" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. அவருக்கு ஆறுதான் ஆறு. அவள் வீட்டைச் சொன்னாள் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

திறப்பு விழா அன்று காலையில் எல்லாம் முடிந்து, கேசட்டில் ஏற்றி, ஜானு உறை போட்டு வைத்திருந்தாள். உள்ளே மிஞ்சியிருந்தது மண்டபங்கள், விறைத்த குதிரை, கடைசியில் ஆறு, முதலில் அவள் பெயர் வருகிற அந்தக் கோலம் போட்ட பக்கம். மற்றதெல்லாம் போனாலும் இது போகவில்லை என்று அவளுக்கு ஒரு நிம்மதி. அப்பாவைச் சாயங்காலம் வரச் சொல்லியிருந்தாள். எதற்கு என்று சொல்லவில்லை. "எதிர்சேவை பாத்துட்டு அப்படியே ஸ்டாலுக்கு வாங்கோப்பா" என்று மட்டும் சொன்னாள்.

பதினொரு மணிக்கு மிட்டாய்க்கடை கண்ணுச்சாமி வந்தார். பொருட்காட்சிக்கு வருகிற பெரிய அதிகாரிக்கு ஸ்வீட், காரம், காபி எல்லாம் அவர் பொறுப்பு. மண்டபம் இல்லையென்றால் காபி இல்லை என்றார்.

விருமாண்டி உள்ளே வந்தார். இந்த முறை சின்ன மண்டபம்தான் என்றுகூடச் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"இனிமே எடுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல சார். ஆறும் என் பேரும்தான் பாக்கி."

"ஆத்துல என்னம்மா இருக்கு? வைகைல என்னைக்குத் தண்ணி ஓடுச்சு? நீலத்த எடுத்துட்டு வெறும் மணலா விட்ரு."

"நீலமா இல்லேன்னா எறங்கினதே தெரியாது சார். எறங்கலேன்னா இது எதுக்கு?"

"அதுவும் சரிதான்." அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "அப்ப ஒம் பேர எடுத்துரு தாயி. பேரு எங்க போகப் போகுது? நீதான் செஞ்சேன்னு எனக்குத் தெரியும்ல? அடுத்த வருசம் பெருசாப் போட்ருவோம். நான் ஆச்சு."

ஜானுவுக்கு அழுகை வந்தது. ஆத்திரமும் வந்தது. எழுந்து போய்விடலாம் என்றும் தோன்றியது. ஆனால் வேலை செய்தவளுக்கு வேலையின்மேல் ஒரு பாசம் வந்து தொலைக்கிறது. அந்த விறைத்த குதிரையாவது தண்ணீரைத் தொடட்டும் என்று நினைத்தாள். கோலத்தை அழித்தாள். ஆக்கத்தை அழித்தாள். 'ஜா' இருந்த இடத்தில் மிட்டாய்க்கடை மண்டபம் முளைத்தது.

சாயங்காலம் தமுக்கத்தில் இடுப்பொடியக் கூட்டம். வெளியே ரோட்டில் எதிர்சேவைக்கு வந்த ஜனம், உள்ளே ராட்டினத்துக்கும் அப்பளத்துக்கும் வந்த ஜனம். அதிகாரி வந்தார், ரிப்பனை வெட்டினார், நேரே விருமாண்டி ஸ்டாலுக்கு அழைத்து வரப்பட்டார். ஒரு போலீஸ்காரர் கூடவே வந்தார். ஹாலாஸ்யமும் எப்படியோ முண்டியடித்து மகள் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். ஜானு கேசட்டை டேப்ரெக்கார்டரில் போட்டாள். அது ஊளையிட்டு முடிய, திரையில் குதிரை வந்தது.

அதிகாரி பொத்தானை அமுக்கினார். முதல் மண்டபம் வந்தது. முத்துக்கருப்பன் திரையைப் பார்க்காமல் அதிகாரியின் முகத்தைப் பார்த்தார். அடுத்த மண்டபத்தில் சைக்கிள் கடைக்காரர் தன் குடும்பத்தைத் தள்ளி முன்னால் நிறுத்தினார். ஒவ்வொருவரும் தன் மண்டபம் வந்ததும் நெஞ்சை நிமிர்த்தினார், போனதும் வெற்றிலை போடப் போய்விட்டார். கேமைக் கடைசிவரை பார்த்தவர்கள் எதுவும் உபயம் கொடுக்காத ஜனங்கள்தான். அவர்கள் கை கூப்பியிருந்தார்கள். யாரோ ஓர் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

எல்லா மண்டபமும் முடிந்து திரை முழுக்க நீலம் விரிந்தது. கால் அசையாத அந்தக் குதிரை நீலத்தின் ஓரத்தைத் தொட்டு, உள்ளே இறங்கியது.

"கோவிந்தா!" என்று ஸ்டால் அதிர்ந்தது. ஹாலாஸ்யத்துக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "யார் பண்ணினாளோ, அவா கை நன்னா இருக்கணும்" என்றார். "பாத்துண்டு நிக்கறியே, நமஸ்காரம் பண்ணிக்கோடி."

அதிகாரியும் திரையைவிட்டுத் திரும்பினார். அவர் நிஜமாகவே அசந்துபோயிருந்தார். "பிரமாதம். யாரு பண்ணினது இது?" என்று சுற்றியிருந்தவர்களைப் பார்த்துக் கேட்டார்.

மூன்று வாரமாக ஜானு காத்திருந்த கேள்வி. கேட்டவர் எதிரே நிற்கிறார், அப்பா பக்கத்தில் நிற்கிறார். எச்சிலை விழுங்கினாள். அந்த ஒரு விழுங்கல்தான் தாமதம்.

விருமாண்டியின் மச்சான் மலைச்சாமி கூட்டத்தில் இருந்தார். அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுவதாக வேண்டிக்கொண்டு, தலையில் உருமால் கட்டி, தோல்பை நிறையத் தண்ணீரோடு ஊரிலிருந்து வந்தவர். எதிர்சேவையில் நெருங்க முடியவில்லை. இங்கே அழகர் கைக்கெட்டும் தூரத்தில் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தார். மலைச்சாமி யோசிக்கவில்லை. வேண்டுதல் வேண்டுதல்தான். பையை அமுக்கினார். தண்ணீர் அதிகாரியின் தோளுக்கு மேலாகப் பாய்ந்து டிவியில் விழுந்தது.

டப்பென்று ஒரு சத்தம். பச்சையும் மஞ்சளுமாகப் பொறி பறந்தது. ஸ்டாலில் விளக்கெல்லாம் அணைந்து, ரப்பர் கருகுகிற வாடை வந்தது. பயத்தில் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். அந்த அமைதியில் ஜானுவின் குரல் கணீரென்று கேட்டது.

"நான்தான் சார் பண்ணினேன்."

போலீஸ்காரரின் டார்ச் வெளிச்சம் நேராக அவள் முகத்தில் விழுந்தது. "நீயாம்மா?" என்றார் அவர். முத்துக்கருப்பன், "அடிப்பாவி, எங் கலர் டிவிம்மா!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தார். ஜானு விருமாண்டியைப் பார்த்தாள். விருமாண்டி மச்சானைப் பார்த்தார், மச்சான் கையிலிருந்த தோல்பையைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார். 'நான் ஆச்சு' என்று சொல்ல அவருக்கு அன்று வாய் வரவில்லை.

"இல்ல சார், நான் சொல்றது கேம..." என்று அவள் தொடங்குவதற்குள் ஹாலாஸ்யம் குறுக்கே வந்துவிட்டார். வாழ்நாள் பூராவும் அதிகாரிகளுக்கு முன்னால் வாய் திறக்காதவர், இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, மகளைப் பின்னால் மறைத்தபடி நின்றார்.

"அவ இல்ல சார். அவளுக்கு இதப் பத்தி ஒண்ணுமே தெரியாது சார். என் பொண்ணு இதையெல்லாம் தொடவே மாட்டா. வெறும் டைப்பிஸ்ட். ஏதோ பயத்துல உளர்றா."

"அப்பா, நான்தாம்ப்பா..."

"நீ சும்மா இரு!" அப்படி அவர் அவளை அதட்டியதே இல்லை.

அதிகாரி நனைந்த சட்டையைப் பிழிந்துகொண்டே இருட்டில் அந்தக் கிழவரைப் பார்த்தார். அவருக்கு இரக்கம் வந்தது. "சரி சரி, டைப்பிஸ்ட் பொண்ணு என்ன பண்ணும்? கூட்டிட்டுப் போங்க" என்றார். அதோடு விசாரணை முடிந்தது. கண்ணுச்சாமி காபி கொண்டுவந்தார்.

ஹாலாஸ்யம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து விறுவிறுவென்று நடந்தார். பஸ் ஸ்டாப் வந்த பிறகும் கையை விடவில்லை. அவர் கை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. கத்த வேண்டும் என்று வந்த ஜானுவுக்கு, அந்த நடுக்கத்தைப் பிடித்துக்கொண்டு கத்த முடியவில்லை. அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அவள் காதருகே குனிந்தார்.

"நல்ல வேளை, தப்பிச்சோம். ஏண்டி, அந்த கேம்ல கீம்ல உன் பேர் எங்கயாவது வர்றதா?"

"இல்லப்பா," என்றாள் ஜானு. "எங்கயும் வரல."

"அப்பாடா," என்றார் ஹாலாஸ்யம்.